சுதேசமித்திரன் தந்த ஜி. சுப்பிரமணிய ஐயர்

தமிழ் இதழியலின் வரலாற்றை எழுதப் புகுவோர் யாவரும் ஜி. சுப்பிரமணிய ஐயரின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகின்றனர். தமிழ்ப் பத்திரிகை உலகின் தந்தை என்னும் பட்டமும் அவருக்கு நிலைத்துவிட்டது. ஆயினும், பட்டம் நிலைத்த அளவுக்கு அவர் வாழ்ந்த வாழ்க்கை மக்கள் மனத்தில் நிலைக்கவில்லை. கவிஞர்களிடையே அவர் பெரும்பாலும் பாரதிக்கு வேலை கொடுத்தவர் என்ற ஒரே தொடரில் அடங்கிப் போகிறார். ஒரு கவிஞனுக்கு மேசையும் சம்பளமும் கொடுப்பதற்கு முன்னால் அந்த மேசை கிடந்த அலுவலகத்தை ஒருவர் உண்டாக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று.

காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றில் 1855-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19-ஆம் நாள் அவர் பிறந்தார். தியாகராச சுவாமிகள் மறைந்து எட்டாண்டுகளே கடந்திருந்த காலம் அது. தந்தையார் கணபதி தீட்சிதர் அவ்வூர் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குரைஞராக இருந்தவர். ஏழு ஆண் மக்களுள் நான்காமவரான சுப்பிரமணியர் பதின்மூன்று வயதுச் சிறுவராக இருந்தபோதே தந்தையை இழந்தார். தஞ்சைத் தூய பேதுரு கல்லூரியில் எப். ஏ. வகுப்பு வரை பயின்று, சென்னைக்கு வந்து ஆசிரியப் பயிற்சி பெற்று, ஸ்காத்லாந்து மிஷன் பள்ளியில் ஆசிரியரானார். வேலை பார்த்துக்கொண்டே 1877-இல் பி. ஏ. தேர்வெழுதித் தேறினார். பின்னர்த் திருவல்லிக்கேணியில் ஆங்கிலோ வெர்னாகுலர் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். அன்றைய நிலையில் ஒரு நடுத்தரக் குடும்பத்து இளைஞர் எட்டக்கூடிய மதிப்பான இடம் அது. அங்கேயே இருந்திருந்தால் ஓய்வூதியத்தோடு வாழ்நாள் கழிந்திருக்கும்.

1878-ஆம் ஆண்டு திருவாரூர் முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்வதைப் பொறாத ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் அந்த நியமனத்தைக் குறைகூறி எழுதின. மறுமொழி சொல்ல இந்தியர் கையில் ஏடு ஏதும் இருக்கவில்லை. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசிவந்த ஆறு இளைஞர்கள் தாமே ஓர் ஏடு தொடங்குவதெனத் துணிந்தனர். ஐயரும், பச்சையப்பன் கல்லூரியில் பணியாற்றிய எம். வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள்; மற்ற நால்வர் சட்ட மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடனாகப் பெற்று, மிண்டுத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் எண்பது படிகள் அச்சிட்டனர். 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' வார ஏடாக வெளிவந்தது. ஓர் இலக்கியச் சங்கத்தின் மாலைப் பேச்சிலிருந்து இவ்வளவு பெரிய நிறுவனம் முளைத்ததைச் சங்கம் நடத்துவோர் நினைவில் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

சட்ட மாணவர் நால்வரும் விரைவிலேயே தேர்வில் தேறித் தத்தம் தொழிலுக்குச் சென்றுவிட்டனர். சுமை இருவர் தோளில் இறங்கியது. எழுதுவது ஐயரின் பொறுப்பு. கணக்கும் நிருவாகமும் வீரராகவாச்சாரியாரின் பொறுப்பு. 1883-இல் ஏடு வாரத்துக்கு மும்முறை வரலாயிற்று. சொந்த அச்சகமும் அமைந்தது. 1889 ஏப்பிரல் முதல் நாளேடாயிற்று. இந்த வளர்ச்சியை வெற்றிக் கதையாக மட்டும் படிப்பது பொருந்தாது. கடனும் தீராச் சந்தா நிலுவையும் அக்காலத்து ஏடு ஒவ்வொன்றையும் நிழல்போல் தொடர்ந்தன. இவற்றோடு அவதூறு வழக்குகளும் இவ்வேட்டைத் தேடி வந்தன.

ஆங்கில ஏடு கால் ஊன்றுமுன்பே, 1882-இல், ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கினார். அவருடைய வாழ்க்கையில் மிகுந்த சிந்தனைக்குரிய செயல் இதுவே. ஆங்கிலத்தில் எழுதினால் ஆள்வோர் படிப்பர், மறுமொழி கிடைக்கும், எழுதுபவருக்கு மதிப்பும் சேரும். தமிழில் எழுதுவதால் அன்று இவற்றுள் எதுவும் கைகூடாது. தமிழில் அதற்கு முன் இதழ்கள் இல்லாமலில்லை. பெர்சிவல் பாதிரியார் 1855-இல் தொடங்கிய தினவர்த்தமானி முதலியன உண்டு. ஆனால் வரி எவ்வாறு விதிக்கப்படுகிறது, வரவு செலவுத் திட்டத்தில் படைக்கு எவ்வளவு போகிறது, ஆட்சிமன்றத்தில் யார் எவரைத் தேர்ந்து அனுப்புகின்றனர் என்பனவற்றையெல்லாம் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் வாரந்தோறும் தம் மொழியில் படித்தறிய முடியும் என்ற நிலையைத் தோற்றுவித்தது சுதேசமித்திரனே எனலாம். ஆங்கிலம் கற்றவரின் கோரிக்கை ஆங்கிலம் கல்லாதவரின் கோரிக்கையாகவும் ஆகாதவரை அதற்கு வலிமை இராது என்பதை ஐயர் தம் தலைமுறையினர் பலருக்கும் முன்னதாக உணர்ந்திருந்தார்.

இத்தனைக்கும் அவர் தமிழ்ப் புலவர் அல்லர். ஆங்கிலத்தில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர். சுதேசமித்திரனின் தொடக்ககால உரைநடை வடசொற்கள் மலிந்தது; தொடரமைப்பிலும் ஆங்கிலத்தின் சாயல் தட்டுப்படும். இலக்கியச் சுவை கருதி அதனை இன்று யாரும் படிக்கப் போவதில்லை. ஆயினும் அதன்மீது குற்றம் சாட்டுமுன் அந்த நாளைய நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் உரைநடை அப்போது பெரும்பாலும் உரையாசிரியர் வழியிலோ, சமயக் கண்டனங்களின் வழியிலோ, பள்ளிப் பாடநூலின் வழியிலோ நடந்துகொண்டிருந்தது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அரசியல் சொற்களுக்கு அகராதி கிடையாது. மாலைக்குள் அச்சேற வேண்டிய செய்திக்குச் சொல் தேடி ஓலைச்சுவடியைப் புரட்டிக்கொண்டிருக்கவும் இயலாது. கிடைத்த சொல்லை எடுத்து ஆண்டு, வழக்கில் நின்றதை வைத்துக்கொண்டு, நில்லாததை விட்டுவிடுவதே வழி. அவ்வாறு ஆண்டாண்டாகத் தேய்ந்து தேய்ந்துதான் பொதுவாழ்வு பற்றிப் பேசும் ஒரு தமிழ் உருவாயிற்று. அழகிய உரைநடை பின்னர் வந்தது. அது வருவதற்கு இந்தக் கரடுமுரடான பாதை போடப்பட்டிருக்க வேண்டியது இன்றியமையாதது.

அச்சுக்கூடத்தின் இடர்ப்பாடும் இதில் சேரும். ஆங்கிலத்துக்கு வேண்டும் எழுத்துருக்கள் குறைவு. தமிழுக்கோ உயிர்மெய் வடிவங்களால் அச்சுக்கோப்பவர் முன்னுள்ள அறைகள் பல மடங்காகப் பெருகும். ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து அடுக்க வேண்டும். ஒரே செய்தி ஆங்கிலத்தில் முடியும் நேரத்தில் தமிழில் பாதிதான் முடிந்திருக்கும். விளம்பரம் தருவோரும் ஆங்கில ஏட்டையே நாடுவர். எக்கணக்கில் பார்த்தாலும் தமிழ் ஏடு நட்டத்துக்கு வழி. தெரிந்தே அந்தத் தொழிலில் முதலிட்டவர் ஐயர்.

இதே ஆண்டுகளில் அவருடைய அரசியல் பணியும் வளர்ந்தது. 1884-இல் சென்னை மகாஜன சபையை நிறுவியோருள் அவரும் ஒருவர். 1885 டிசம்பர் 28 அன்று பம்பாயில் எழுபத்திரண்டு பேராளர்களோடு கூடிய முதலாவது காங்கிரசில் முதல் தீர்மானத்தை முன்மொழியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. இந்திய நிருவாகத்தை ஆராய ஓர் அரச ஆணையம் வேண்டும் என்பது அத்தீர்மானம்.

நான்காண்டுகள் கழித்து அதே பம்பாயில் காங்கிரசு மீண்டும் கூடியபோது அவர் நிகழ்த்திய செயல் மேடையில் நிகழ்ந்ததன்று. அவருடைய மூத்த மகள் குழந்தைப் பருவம் கடவாமுன்பே கைம்பெண்ணானவர். 1889 டிசம்பரில் அம்மகளுக்கு ஐயர் மறுமணம் செய்துவைத்தார். கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. இராசமகேந்திரபுரத்தில் வீரேசலிங்கம் பந்துலு 1881-இலேயே இத்தகைய திருமணத்தை நடத்திக் காட்டியிருந்தார். ஆனால் சென்னையில் மேடைதோறும் மறுமணத்தை ஆதரித்துப் பேசிய கனவான்கள் வீட்டு வாசலுக்குள் அப்பேச்சை அழைத்து வந்ததில்லை. பேசியதைச் செய்த ஐயரைச் சுற்றத்தார் ஒதுக்கினர். சாதிக் கட்டுப்பாட்டுக்கு உள்ளானார். அரசியலில் அவரைப் போற்றிய நண்பர்களுள்ளும் பலர் இதில் விலகி நின்றனர். சமூகச் சீர்திருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அரசியல் உரிமை என்பது அவர்களுடைய வாதம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க ஐயரால் இயலவில்லை.

அதன் விளைவு ஏட்டிலும் தெரிந்தது. குழந்தை மணத்தையும் கைம்மைக் கொடுமையையும் கண்டித்து 'தி இந்து'வில் அவர் எழுத எழுத, ஏட்டின் வாசகர்களாகிய அதே உயர்சாதிக் கற்றோர் முகம் சுளித்தனர். இரு பங்காளிகளுக்கும் இடையிலும் ஒற்றுமை தளர்ந்தது. இதற்கிடையில் 1897-இல் வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியம் அளிக்க ஐயர் இலண்டன் சென்று திரும்பினார். தீன்ஷா வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி, கோகலே ஆகியோரும் அவ்வாணையத்தின் முன் சாட்சியம் அளித்தவர்கள். மறு ஆண்டே, 1898 அக்டோபரில், கூட்டு முறிந்தது. 'தி இந்து' வீரராகவாச்சாரியாரிடம் நின்றது. ஐயர் சுதேசமித்திரனோடு வெளியேறினார்.

இருபதாண்டு உழைப்பு அந்த ஆங்கில ஏடு. 1905-இல் அது கஸ்தூரி ரங்க ஐயங்காருக்கு எழுபத்தையாயிரம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. அன்றைக்கு அது பெருந்தொகை. விற்பனை நடந்தபோது ஐயருக்கு அதில் தொடர்பில்லை. ஒரு வணிகரின் கண்கொண்டு நோக்கினால் அவர் விட்டுவந்தது வளரும் சொத்து, எடுத்துவந்தது சுமை. அவர் அந்தச் சுமையை நூற்றாண்டு முடிவதற்குள் நாளேடாக்கினார். தமிழில் அக்காலத்தில் வெளிவந்த நாளேடு அது ஒன்றே. பொருளியலிலும் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி உண்டு. ஆங்கில ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1903-இல் வெளிவந்தது. இந்தியாவின் செல்வம் கடல்கடந்து போவதைப் பற்றித் தாதாபாய் நௌரோஜி எழுப்பிய வாதத்தைத் தென்னாட்டில் எண்களோடு எடுத்து விளக்கியோருள் அவர் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர். அவ்வாதம் தமிழ் வாசகனையும் எட்டியதற்குச் சுதேசமித்திரனே பெருங்காரணம்.

நாளேட்டுக்கு ஆள் வேண்டும். 1904 நவம்பரில், மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதம் போலத் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த சுப்பிரமணிய பாரதி சுதேசமித்திரனின் உதவியாசிரியரானார். வயது இருபத்திரண்டு நிறையவில்லை. எட்டயபுரத்து அவையில் பட்டம் பெற்ற இளைஞருக்கு இங்கே கிடைத்த வேலை கவிதை எழுதுவதன்று. தந்திச் செய்திகளையும் ஆங்கிலச் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது. உருசிய-சப்பானியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கீழை நாடொன்று மேலை வல்லரசொன்றை வீழ்த்திய அந்தச் செய்திகள் நாள்தோறும் ஆங்கிலத்தில் வந்து குவியும். அச்சுக்கோப்பவர் காத்து நிற்பார். சீர் பிரித்து எண்ணிப் பழகிய கை, எழுவாயும் பயனிலையும் தெளிவாக நிற்கும் சிறிய தொடர்களை விரைந்து எழுதப் பழகியது இந்தத் தொழிலில்தான். பிற்காலத்துப் பாரதியின் உரைநடையில் காணும் விரைவுக்கும் நேர்மைக்கும், அவருடைய பாட்டில் நாட்டு நடப்பும் உலக நடப்பும் இயல்பாக நுழைந்ததற்கும் இந்த நாள்களை ஒதுக்கிவிட்டுக் காரணம் கூற முடியாது. கவிஞனுக்குச் செய்தித்தாள் வேலை கேடு என்று சொல்லும் வழக்கம் உண்டு. பாரதியைப் பொறுத்தவரை அது பொருந்தவில்லை.

ஐயர் வேலை வாங்குவதில் வல்லவர், ஊதியம் தருவதில் கை நீண்டவர் அல்லர் என்பது பாரதியின் வாழ்க்கையை எழுதியோர் கூறும் செய்தி. நட்டத்தில் நடக்கும் ஏட்டின் உரிமையாளர் வேறு எவ்வாறு இருந்திருக்க முடியும் என்றும் கேட்கலாம். இளைஞரின் பாடல்களுக்குத் தம் ஏட்டில் இடம் தந்தார். தலையங்கம் எழுதும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசியக் கிளர்ச்சி பாரதியைத் தீவிர அணியின் பக்கம் ஈர்த்தபோது ஐயரின் நிதானம் அவருக்குப் போதவில்லை. 1906-இல் பாரதி 'இந்தியா' வார ஏட்டுக்குச் சென்றார். அங்கிருந்து தம் பழைய ஆசிரியரைப் புகழ்ந்தும் எழுதினார், கடிந்தும் எழுதினார். கருத்து வேறுபாட்டினால் உறவு அறுந்துபோகவில்லை என்பது இருவருக்குமே பெருமை தருவதாகும்.

ஐயரும் நின்ற இடத்திலேயே நின்றவர் அல்லர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய எழுத்தில் கடுமை ஏறியது. ஐம்பது வயதைக் கடந்த, தொழுநோய்க்கு ஆளாகி உடல் நலிந்த ஒருவரிடம் இது எதிர்பார்க்கக்கூடியதன்று. 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரனார் சிறைப்பட்டார், தூத்துக்குடியும் திருநெல்வேலியும் கொந்தளித்தன, சூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்டில் அரசின் கை சென்னை ஏடுகளின் மேல் விழுந்தது. உடல்நலம் கருதிக் குற்றாலத்தில் தங்கியிருந்த ஐயர், சுதேசமித்திரனில் வெளியான கட்டுரைகளுக்காக இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்று அங்கேயே கைது செய்யப்பட்டார். 'இந்தியா'வின் பதிவுபெற்ற ஆசிரியர் எம். சீனிவாசனும் பிடிபட்டு ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதி புதுச்சேரிக்குச் சென்றுவிட்டார்.

ஐயர் நன்னடத்தைக்கு உறுதி எழுதித் தந்தார், வழக்குக் கைவிடப்பட்டது.

இந்த ஒரு செயலை வைத்து அவரை எடைபோட்டவர்கள் அன்றும் இருந்தனர், பின்னரும் இருந்தனர். கோவைச் சிறையில் செக்கிழுத்த சிதம்பரனாரின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது சிறுத்துத்தான் தெரிகிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் தொழுநோயாளி ஒருவர் அந்நாளையச் சிறையில் எத்தனை நாள் உயிரோடு இருந்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் சிறை சென்றிருந்தால் தமிழின் அந்த ஒரே நாளேடும் நின்றிருக்கக்கூடும். புதுச்சேரியிலிருந்து வெளிவந்த 'இந்தியா' 1910 மார்ச்சோடு நின்றது. அவ்வாண்டு வந்த அச்சகச் சட்டம் ஏடுகளிடம் பிணைத்தொகை கேட்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. சுதேசமித்திரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பிழைத்தது. தாழ்ந்த குரலில் ஓர் ஏடு நடப்பது மேலா, உரத்த குரலில் அது மடிவது மேலா என்பது அன்று கருத்தளவில் நின்ற வினா அன்று; ஒவ்வொரு நாள் மாலையும் அச்சுக்குப் போகும் பக்கத்தின் முன் அமர்ந்து அவர் விடைகாண வேண்டியிருந்தது. அவருடைய விடையை ஏற்காதவர்களும் அந்த ஏட்டின் பக்கங்களில் எழுத இடம் பெற்றனர் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். புதுச்சேரியில் இருந்த பாரதியின் எழுத்துக்கும் சுதேசமித்திரன் இடம் தந்தது.

இறுதி ஆண்டுகள் துன்பம் மிக்கவை. சாதியால் முன்னமே ஒதுக்கப்பட்டவரை நோய் மேலும் ஒதுக்கியது. பொது மேடைகளில் தோன்றுவது அருகியது. எழுத்து மட்டும் நிற்கவில்லை. 1915-இல் சென்னைக்கு வந்த காந்தியடிகள் அவருடைய இல்லம் சென்று அவரைக் கண்டார். அதே ஆண்டில் ஐயர் சுதேசமித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் தம் கையில் இருந்த ஏட்டைக் கொடுத்துவிட்ட பின் அவர் நெடுநாள் இருக்கவில்லை. 1916 ஏப்பிரல் 18 அன்று காலமானார்.

ஏடு தொடர்ந்து நடந்தது. புதுச்சேரியிலிருந்து திரும்பிக் கடையத்தில் வறுமையுற்றிருந்த பாரதியை ரங்கசாமி ஐயங்கார் அழைத்துக்கொள்ள, 1920 நவம்பரில் அவர் மீண்டும் சுதேசமித்திரனின் உதவியாசிரியரானார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் எந்த ஏட்டில் தந்திகளை மொழிபெயர்க்கப் பழகினாரோ, அதே ஏட்டில் தம் கடைசி மாதங்களின் கட்டுரைகளை எழுதினார். 1921 செப்டம்பரில் அவர் மறைந்த செய்தியைத் தமிழ்நாடு படித்ததும் சுதேசமித்திரனில்தான்.